மூன்றாவது டிஸ்க்

சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் தாளில் மூன்று டிஸ்குக்கும் நேராக 'பாஸ்' என்று அடித்து வைத்திருந்தது. கீழே 'சோதித்தவர்: ஆ. செண்பகவல்லி' என்று அவள் பெயரையும் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு விட்டிருந்தார் விக்டர் சார். கல்யாணமே ஆகவில்லை, பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று. அதுகூடப் போகட்டும். டிஸ்கின் சீரியல் எண் என்று மூன்று எண்கள் இருந்தனவே, அவை இந்த டிஸ்குகளுடையவையே அல்ல. போன மாதம் வேறொரு இடத்துக்குச் செய்த வேலையின் தாளை எடுத்து, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவளும் இரண்டு முறை செய்திருக்கிறாள், அந்த இரண்டு முறையும் ஞாபகம் வந்ததில் கோபம் இன்னும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி. வெளியே அம்பத்தூர் எஸ்டேட்டின் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே சர்வர் அறையில் இரண்டு ரேக் வரிசைக்கு நடுவில் குளிர்காற்று தரையிலிருந்து சீறிக்கொண்டு வந்து புடவைக்குள் புகுந்து முழங்காலைக் கடித்தது. அவள் ஸ்வெட்டரின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, லேப்டாப்பை மடக்கு மேஜையில் வைத்து, தாளை ஒருமுறை கசக்கப் பார்த்து, கசக்காமல் மேஜையில் குப்புறப் போட்டாள். நாளைக் காலை ஆறு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரி இந்த இரண்டு சர்வரை நம்பி எழுந்திருக்கப் போகிறது. எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தாயிற்று, யார் கொடுத்தார் என்பதெல்லாம் இனிமேல் இதில்தான். கொடுத்தாயிற்றா இல்லையா என்று நர்ஸ் இதைத்தான் பார்ப்பாள். அதைப் படித்த அன்றே இந்த வேலை எனக்கு வேண்டாம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

விஷயம் சின்ன விஷயம்தான், சமையலறையில் நிற்கிற யாருக்கும் புரியும். இரண்டு சர்வர், நடுவில் பொதுவாக டிஸ்குகள். நான் உயிரோடு இருக்கிறேன், நான் உயிரோடு இருக்கிறேன் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு கேபிள் வழியாக நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று செத்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் செத்தது சர்வரா கேபிளா என்று யாருக்குத் தெரியும்? கேபிள் மட்டும் அறுந்துபோனால் இரண்டும் உயிரோடுதான் இருக்கும், அவன் செத்துவிட்டான் என்று இரண்டும் நினைக்கும், இனி எல்லாம் என் பொறுப்பு என்று இரண்டும் ஒரே டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் இரண்டு கை எழுதினால் அங்கே மிஞ்சுவது எழுத்தில்லை, கூழ். அதனால்தான் பஞ்சாயத்துக்கு மூன்று சின்ன டிஸ்குகளைத் தனியாக வைப்பது. கேபிள் அறுந்தால் இரண்டும் ஓடிப்போய் அந்த மூன்றைப் பிடிக்க வேண்டும், இரண்டைப் பிடித்தவன் ஜெயித்தான், டிஸ்கில் தோற்றவன் பதிந்துவைத்த சாவியை ஜெயித்தவன் பிடுங்கிவிடுவான், தோற்றவன் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கப்புறம் அவன் நீட்டுகிற கையை எந்த டிஸ்கும் வாங்கக்கூடாது. வாங்குகிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை. முதல் டிஸ்க். பெயரைப் பார்த்துச் செய்யக்கூடாது, ஒரே டிஸ்கை இந்த சர்வர் ஐந்து என்று கூப்பிடும், அந்த சர்வர் ஏழு என்று கூப்பிடும், பெயரை நம்பிச் சோதித்து ஊரார் டேட்டாவை அழித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவள் சீரியல் எண்ணை இரண்டு பக்கத்திலும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். சரி. இதில் உள்ளதெல்லாம் அழியலாம், தொடரவா என்று திரை கேட்டது. தொடர். இவன் சாவி பதிந்தான். அவன் சாவி பதிந்தான். இவன் அவன் சாவியைப் பிடுங்கினான். பிடுங்கப்பட்டவன் எழுதப் பார்த்தான். மறுக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லை அவள் இன்னொரு தடவை படித்தாள். மறுக்கப்பட்டது. இவ்வளவுதான். ஒரு தகரப் பெட்டிக்குத் தெரிகிறது.

போட்டாச்சு! மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணன் சங்கரலிங்கம் கத்துகிற கத்தல் அது. வீடே அதிரும். அவன் கீழே, அவள் மாடியில், அப்பா கீழே முன்னறையில். அப்பாவின் சர்க்கரைக்குக் காலை ஊசி அவன், ராத்திரி ஊசி அவள், யார் போட்டாலும் போட்டாச்சு என்று ஒரு சத்தம். அடுத்த வீட்டுக்காரர்கூட ஒருநாள், ஏம்மா இன்னிக்கு போட்டாச்சு வரலியே என்று கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தை நிறுத்தியது எது? தண்ணீர் மோட்டார். சொன்னால் காறித் துப்புவார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு அவன் மறந்தான், தொட்டி நிரம்பி மாடியில் அவள் காயப்போட்டிருந்த வடகம் அத்தனையும் கரைந்து ஓடியது, அவள் கத்தினாள், அவன், உனக்கு வடகம்தான் பெருசா என்றான், ஆமா பெருசுதான் என்றாள், அவ்வளவுதான், ஒரு தொட்டித் தண்ணீருக்கு நாலு மாதம் பேச்சில்லை. நாற்பத்தொரு வயதும் நாற்பத்தாறு வயதும். இரண்டாவது டிஸ்கின் எண்ணைப் படித்தாள், பாதியில் ஓர் எண் தவறி மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவன் முதலில் பேசட்டும். அவள் ஏன் பேச வேண்டும்? வடகம் அவளுடையது. தொடரவா? தொடர், தொடர். அந்த நாலாவது மாதத்தில் ஒருநாள் காலையில் அவன் வண்டி வாசலில் இல்லை. முந்தின ராத்திரியே இல்லை. அண்ணி பிள்ளைகளோடு கோவில்பட்டிக்குப் போயிருந்தாள், இவனும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருப்பான், அப்பாவுக்கு ஊசி என்று ஒன்று இருப்பதே துரைக்கு மறந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். வண்டி இல்லை, ஆகவே ஆள் இல்லை. வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. ஆள் தெருமுனையில் அப்பாவுக்கு இட்லி வாங்க நின்றுகொண்டிருந்தான், அதுவும் காலை ஊசியைப் போட்டுவிட்டு. அவள் கீழே வந்து இன்னொன்று போட்டாள். எட்டு மணிக்கு ஆபீசுக்குப் போய்விட்டாள், இட்லி ஊட்டிவிட்டு எட்டரைக்கு அவன் போய்விட்டான். இரண்டு இட்லி சாப்பிட்ட உடம்பில் இரண்டு ஊசி. அப்பா நினைவில்லாமல் கிடந்ததைப் பதினொரு மணிக்குத் தண்ணீர்க் கேன் போட வந்தவர்தான் பார்த்தது. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். மறுக்கப்பட்டது, என்றது திரை. இரண்டாவதும் பாஸ்.

பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே அவன்! இன்சுலின் பேனா, சட்டைப்பைக்குள் அடங்குகிற பொருள். அப்பா மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறுமுன் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். கீழே நிற்பவனிடம் கொடுக்க மாட்டார், பெட்டிமேல் வைக்க மாட்டார். கட்டை எம் பையில இருந்தா எந்தக் கொம்பனும் கரண்ட் குடுக்க முடியாதுட்டி, என்பார் அவளிடம், வீட்டுக்கு வந்தும் சில நாள் அந்தப் பீங்கான் கட்டை பையிலேயே இருக்கும், ஊரில் ஒரு தெருவே இருட்டில் கிடக்கும், சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவார். அந்த மனிதனுக்குப் பிறந்தவன் பேனாவை ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டு இட்லி வாங்கப் போயிருக்கிறான். கொலைகாரப் பாவி. சொல்லக்கூடாத வார்த்தைதான், எட்டு மாதமாகத் தினம் ஒரு தடவை அதை அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், சொன்னால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. மூன்றாவது டிஸ்க். எண் சரி. தொடர். இவன் சாவி, அவன் சாவி, பிடுங்கியாயிற்று, பிடுங்கப்பட்டவன் எழுதப் பார்க்கிறான், அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். எழுதப்பட்டது. என்ன? அவள் திரைக்குக் கிட்டே போனாள். எழுதப்பட்டது. மறுபடி ஓட்டினாள். எழுதப்பட்டது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, சர்வர்களை இடம் மாற்றி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாக ஓட்டினாள். எழுதப்பட்டது. வெளியே தள்ளப்பட்டவன் கை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டுகிறது சனியன். யார் வந்தாலும் சரி. எத்தனை தடவை வந்தாலும் சரி. கோபத்தில் அவள் ரேக் கதவை ஓங்கித் தட்டினாள், உள்ளங்கை எரிந்தது. அப்பாவும் அப்படித்தான். கடைசி ஒரு வருஷமாக எதைக் கேட்டாலும் ஆமாம்மா. சாப்பிட்டீங்களாப்பா? ஆமாம்மா. சாப்பிடலையாப்பா? ஆமாம்மா. அன்றைக்கும் வேட்டியை விலக்கித் தொடையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அண்ணன் போடலியாப்பா என்று கேட்டாள், ஆமாம்மா என்றார், அவள் போட்டாள், ஊசி இறங்கும்போது அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவரைக் கேட்டது கேட்ட கணக்கில் சேருமா? தெரிந்துதானே கேட்டாள், என்ன பதில் வரும் என்று. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு.

போன் அதிர்ந்தது. உள்ளே பேசக்கூடாது, கதவைத் திறந்துகொண்டு நடைக்கு வந்தாள், வெளிச்சூடு முகத்தில் அப்பியது. விக்டர் சார். பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம், பிரியாணி நேரம்.

"என்னம்மா செண்பகா, முடிஞ்சுதா? தாள ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டீன்னா நான் கஸ்டமருக்குத் தட்டி விட்டுடுவேன்."

"மூணாவது ஃபெயில் சார்."

"ரெண்டு பாஸ் ஆச்சுல்ல?"

"ஆச்சு சார்."

"அப்புறம் என்ன? மூணுக்கு ரெண்டு. மெஜாரிட்டி. அது ஒண்ணுத்துக்கு மட்டும் கம்பெனிக்காரன்கிட்ட கம்ப்ளைன்ட் போட்டு வெச்சுக்கலாம். இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுடு."

"சார், அந்த மூணாவது வர்ற ஸ்டோரேஜ் பெட்டிலேருந்துதான் டேட்டா டிஸ்க் மொத்தமும் வருது. அது வெளிய தள்ளுனவன் எழுதினாலும் வாங்கிக்குது. கேபிள் அறுந்தா ரெண்டு சர்வரும் எழுதும். கொடுத்த மருந்து கொடுக்காத மாதிரி நர்ஸுக்குக் காட்டும். இன்னொரு தடவ கொடுப்பாங்க."

"கேபிள் எதுக்கும்மா அறுந்துபோவப் போவுது? பத்து வருஷத்துல எத்தினி தடவ அறுந்து பாத்திருக்கே நீ? நாளைக்கு காலைல ஆறு மணிக்குக் கோ-லைவ். எம்.டி. பூச்செண்டோட நிக்கப் போறாரு. சும்மா சின்னப் பிள்ளையாட்டம்... தா பாரு, இது ஒரு தாளு. ஃபைல்ல போயி உக்காந்துக்கும். எவனும் தெறந்துகூட பாக்க மாட்டான்."

எவனும் பார்க்க மாட்டான். அது உண்மை. அவளைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? அரைமணி நேரத்தில் அனுப்புகிறேன் என்றோ அனுப்ப மாட்டேன் என்றோ சொல்லாமல், பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வைத்தாள். பார்க்கிறேன். கோழைகளின் வார்த்தை. அவர் பேரில்தான் கோபம் வந்தது, ஆனால் திட்டத் திட்ட வாயில் வருவது அவர் பெயராக இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், சின்ன வயசு, கண்ணாடி, பேனாவும் கையுமாக நின்று கேட்டாரே, யார் முதல்ல போட்டது, யார் ரெண்டாவது, எத்தன மணிக்கு? அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள். நான் ஏழு மணிக்குப் போட்டேன் டாக்டர், இவங்க அப்புறமா வந்து கேக்காமப் போட்டிருக்காங்க. டாக்டர் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள். ஏழு மணிக்குப் போட்டது அவன். அவள் போட்டது ஏழு இருபதுக்கு. இருபது நிமிஷம். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் மாமா அத்தனை பேர் முன்னாலும், ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கப்பிடாதால, என்று அவனைக் கேட்டபோதும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இருந்ததா? இருந்தது. ஆமாம் இருந்தது. குற்றம் உள்ளவன்தானே குனிவான் என்று நினைத்தாள்.

சரி, மணியை மாற்றிச் சொன்னாள், பயத்தில் சொன்னாள், அதனால் என்ன, போட்டது தெரியாமல்தானே போட்டாள் என்று இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் அவள் மனசு தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொள்ளும். தெரியாமல்தானே. அப்புறம் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கும் ஊறுகாய் பாட்டில் வந்து நிற்கும். போட்டு முடித்த ஊசிகளைப் போடுகிற பாட்டில். அன்றைக்கு அதன் மூடிமேல் ஓர் ஊசி கிடந்தது. உள்ளே இல்லை, மூடிமேல், நடுவில். பார், ஊசியைப் பாட்டிலுக்குள் போடக்கூடத் துப்பில்லாதவன் என்று சுள்ளென்று வந்தது அவளுக்கு, அதை எடுத்து உள்ளே போட்டாள், மூடினாள், புது ஊசி மாட்டினாள். நேற்றையது என்று நினைத்தாள். இந்த இடத்தில்தான் எட்டு மாதமாகத் திரும்பிவிடுவாள், ராகுகாலத்தில் வாசல்படி வரை வந்து திரும்புகிற மாதிரி. நேற்றையது எப்படி ஆகும்? நேற்று ராத்திரி போட்டது அவள். அவள் ஊசியை ஒருநாளும் மூடிமேல் வைத்ததில்லை. ஒன்பது மணிக்கு அந்த மூடியை அவளே துடைத்து மூடிவிட்டுப் போனாள். அப்படியானால் அது காலையுடையது. ஊசிமுனையில் ஈரம்கூட இருந்தது, விரலில் பட்டது. பட்டதா? பட்டது. ஒரு விநாடி, ஒரே விநாடி, போட்டிருப்பானோ என்று ஒன்று உள்ளே எழுந்தது. படிக்கட்டில் நின்று போட்டாச்சா என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், போனில் ஒரு வார்த்தை போதும். ஆனால் கேட்டால் அவள் முதலில் பேசினதாக ஆகும். வீம்பு முந்திக்கொண்டது. கேள்வி பின்னால் நின்றுவிட்டது. அவள் நடையின் சுவரில் சாய்ந்தாள். குற்றம் உள்ளவள் குனிய வேண்டுமே, அவள் ஒருநாளாவது குனிந்தாளா? ஒரு பொய்த்தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று, அது எங்கோ ஒரு ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது, எவனும் திறந்து பார்க்கவில்லை, அவள் மட்டும் தினம் திறந்து பார்க்கிறாள். இன்னொன்றா? போடா மயிரே என்று வாய்விட்டே சொன்னாள். உள்ளே போய், குப்புறக் கிடந்த தாளைத் திருப்பி, மூன்று பொய் எண்களையும் அடித்து உண்மை எண்களை எழுதி, மூன்றாவது 'பாஸ்' மேல் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்குக் கோடு இழுத்து, 'ஃபெயில். வெளியேற்றப்பட்ட சர்வர் எழுதுகிறது. மூன்று முறை சோதித்தேன். இதை ஓட்டக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்து விக்டர் சாருக்கும், அவர் மழுப்புவார் என்பதால் ஆஸ்பத்திரிக்காரருக்கும் சேர்த்தே அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

மறுபடி நடைக்கு வந்தாள். விக்டர் சார் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. அவள் இன்னொரு எண்ணைத் தேடினாள், ஒரு வருஷமாகத் தொடாத எண், பெயரை மாற்றாமல் அண்ணன் என்றே வைத்திருந்தாள். நாலு ரிங் போனபிறகு எடுத்தான். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"அண்ணே."

மோட்டார் மட்டும் ஓடியது.

"அண்ணே, நான்தான். அன்னைக்கு மூடிமேல ஊசி கெடந்துச்சு. நான் பாத்தேன். ஈரமா இருந்துச்சு. பாத்துட்டுத்தான் போட்டேன். டாக்டர்ட்ட மணிய மாத்திச் சொன்னேன். நீ முதல்ல, நான்தான் ரெண்டாவது."

"இரு," என்றான். செருப்புச் சத்தம் போய், ஸ்விட்ச் டக்கென்று விழுந்து, மோட்டார் நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. இப்போது கத்துவான், கத்தட்டும், கத்தினால் தானும் கத்தலாம் என்று அவள் காத்திருந்தாள்.

"தெரியும்," என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"நீ பாத்திருப்பேன்னு தெரியும்ட்டி. நீ பாக்கணும்னுதான மூடிமேல வச்சிட்டுப் போனேன்."